வெளிநாட்டில் எத்தனை பேர்? நாலு கணக்கு கிடைத்தது, நாலும் வேறு வேறு

புதுகை செல்வம்:

எங்கள் மாவட்டத்து வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதுகிறேன். முதல் பத்தியில் "இத்தனை பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள்" என்று ஒரு எண் போட வேண்டும். அவ்வளவுதான் தேவை. தேடப் போனால் தலை சுற்றுகிறது.

இந்தியாவில் பிறந்து வேறு நாட்டில் வாழ்பவர்கள் 2024-இல் சுமார் 1.85 கோடி என்கிறது ஐ.நா. நம் வெளியுறவு அமைச்சகம் 3.5 கோடிக்கு மேல் என்கிறது. தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று பார்த்தால், 2015-இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு 22 லட்சம் சொல்கிறது. ஆனால் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான அரசின் இ-மைக்ரேட் தளத்தில் குடியகல்வு அனுமதிப் பட்டியலைத் திறந்தால் உ.பி., பீகார் மேலே நிற்கின்றன, நம் எண்ணிக்கை அவற்றைவிட ரொம்பக் குறைவு. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூரிலோ கத்தாரிலோ இருக்கும்போது இது எப்படி?

எதை எடுத்துப் போடுவது?

கடையநல்லூர் அசன்:

செல்வம் அண்ணே, அந்த இ-மைக்ரேட் எண்ணை முதலில் ஓரமாக வையுங்க. நான் பல வருஷம் டிராவல்ஸில் இருந்தவன், அதனால் சொல்றேன்.

அது வெளிநாடு போனவங்க கணக்கே இல்லை. 1983-ஆம் வருஷத்துக் குடியகல்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவங்க பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர்., அதாவது குடியகல்வுச் சோதனை தேவைங்கிற முத்திரை இருக்கும். அந்த பாஸ்போர்ட்காரர் குறிப்பிட்ட 18 நாட்டுக்கு வேலைக்குப் போனால்தான் அனுமதி வாங்கணும். வளைகுடா, மலேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சிங்கப்பூர் கிடையாது. உங்க மாவட்டத்துக்காரங்க பாதிப் பேர் போறதே சிங்கப்பூருக்குத்தான், அவங்க எப்படி அதில் வருவாங்க?

அடுத்தது, நம்ம பக்கம் இப்போ பத்தாவது தேறாத பையன் எத்தனை பேர்? ஐ.டி.ஐ., டிப்ளமா முடிச்சிட்டு ஷார்ஜா போற பையன் பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லை, அனுமதியும் வேண்டாம், கணக்கிலும் இல்லை. முத்திரை உள்ளவனும் விசிட்டில் போய் அங்கே விசாவை மாத்திக்கிட்டால் கணக்கில் இல்லை. 2014-இல் நாடு முழுக்க 8 லட்சம் பேருக்கு இந்த அனுமதி கொடுத்தாங்க. 2020-இல் ஒரு லட்சம்கூட வரலை. கொரோனா ஒரு காரணம். ஆனா அதுக்கு முன்னாடியே சரிஞ்சிடுச்சு. சவூதியில் வேலை குறைஞ்சதும் உண்மை, இங்கே படிப்பு கூடினதும் உண்மை. எது எவ்வளவுன்னு அந்தப் பட்டியலை வச்சுப் பிரிக்க முடியாது.

ஏர்போர்ட்டில் ஒரு அட்டை நிரப்பச் சொல்வாங்களே, ஞாபகம் இருக்கா? எங்கே போறீங்க, எதுக்குப் போறீங்கன்னு. பேனா இல்லாமல் பக்கத்து ஆள்கிட்ட கேட்டு, எழுதத் தெரியாதவங்களுக்கு நாலு அட்டை நாமே எழுதிக் கொடுத்து... அதையும் 2017 ஜூலை 1-ஓடு நிறுத்திட்டாங்க. வரிசை குறைஞ்சது நல்லதுதான். "எதுக்குப் போறீங்க" என்ற கேள்விக்கு எழுத்தில் இருந்த ஒரே பதிலும் அதோட போச்சு.

லண்டன் மீனா:

செல்வம் சார், ஐ.நா.வுக்கும் அமைச்சகத்துக்கும் உள்ள இரண்டு மடங்கு வித்தியாசத்துக்குப் பதில் எளிது. இரண்டும் வேறு வேறு ஆட்களை எண்ணுகின்றன. ஐ.நா. பிறந்த நாட்டைப் பார்க்கிறது. அமைச்சகம் இந்தியக் குடிமக்களோடு வம்சாவளியினரையும் சேர்க்கிறது. கிள்ளானில் மூன்று தலைமுறையாக இருக்கும் மலேசியத் தமிழர் அமைச்சகத்தின் பட்டியலில் இருக்கிறார். அவர் மலேசியாவில் பிறந்தவர் என்பதால் ஐ.நா. பட்டியலில் இல்லை.

இன்னொரு சிக்கல். பிறந்த இடத்தை வைத்து விவரம் தராத நாடுகளுக்குக் குடியுரிமையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். வளைகுடா நாடுகள் பெரும்பாலும் அப்படித்தான். துபாயிலேயே பிறந்து, அங்கேயே பள்ளி முடித்து, இந்தியாவுக்கு விடுமுறைக்கு மட்டும் வரும் பிள்ளை அங்கே "குடிபெயர்ந்தவர்". லண்டனில் பிறந்த என் மகள் அப்படி இல்லை. ஒரே அட்டவணையில் இரண்டு வரிசைகள், இரண்டு அளவுகோல்கள். அடிக்குறிப்பைப் படிக்காமல் கூட்டினால் உலகக் கணக்கு வந்துவிடும், அதுதான் 2024-க்கு 30.4 கோடி.

புதுகை செல்வம்:

அசன் பாய், மீனா மேடம், நன்றி. கொஞ்சம் தெளிந்தது. நம் நாட்டில்தான் இப்படி என்று வைத்துக்கொள்வோம். யுகே மாதிரி தீவு நாடு, அயர்லாந்தோடு உள்ள நில எல்லையை விட்டால் உள்ளே வர விமானம், கப்பல், ஒரு சுரங்க ரயில், இவ்வளவுதான் வழி. அங்கேயாவது சரியாக இருக்குமே?

லண்டன் மீனா:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் :) நான் ஒரு உள்ளாட்சி மன்றத்தில் பள்ளி இடங்களைத் திட்டமிடும் பிரிவில் இருக்கிறேன். அடுத்த செப்டம்பரில் எத்தனை குழந்தைகள் வகுப்பில் உட்காரும் என்று சொல்ல வேண்டியது எங்கள் வேலை. அதனால் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டுவது தினப்படி.

பல பத்தாண்டுகளாக யுகேயின் குடிபெயர்வு எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1961-இல் தொடங்கிய சர்வதேசப் பயணிகள் ஆய்வு என்ற ஒன்றிலிருந்து. சுற்றுலாப் பயணிகள் எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தது அது. விமான நிலையத்தில் ஒருவர் நின்று, கடந்து போகிறவர்களில் இத்தனைக்கு ஒருவர் என்று நிறுத்திக் கேட்பார்: எங்கிருந்து வருகிறீர்கள், எவ்வளவு நாள் தங்குவதாக உத்தேசம்? பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ என்றால் நீங்கள் "நீண்டகாலக் குடிபெயர்ந்தவர்". ஆண்டுக்கு ஏழெட்டு லட்சம் பேரிடம் கேட்டால் அந்தப் பதிலைச் சொல்கிறவர்கள் மூவாயிரம் நாலாயிரம் பேர். அந்தச் சில ஆயிரங்களைப் பெருக்கித்தான் நாட்டின் எண். அதையும் நாடு வாரியாக, வயது வாரியாகப் பிரித்தால் ஒரு கட்டத்தில் கையளவு ஆட்கள்தான் மிஞ்சுவார்கள்.

அதோடு, உத்தேசம் என்பது உத்தேசம்தான். சென்னையிலிருந்து முதுகலை படிக்க வரும் பெண்ணை ஹீத்ரோவில் நிறுத்திக் கேளுங்கள். "ஒரு வருஷக் கோர்ஸ்" என்பாள். அது பதினொன்றரை மாதமா, பன்னிரண்டு மாதமா? முடித்துவிட்டு ஊர் திரும்புவாளா, வேலை தேடுவாளா? அவளுக்கே தெரியாது. தூக்கக் கலக்கத்தில் அவள் சொல்லும் பதில் ஒரு நாட்டின் கொள்கைக்கு அடிப்படை.

2004-இல் போலந்து உள்ளிட்ட கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. அந்த மக்கள் மலிவு விலை விமானங்களில் லூட்டன், ஸ்டான்ஸ்டெட், இன்னும் சிறிய நிலையங்கள் வழியாக வந்தார்கள். ஆய்வுக்காரர்கள் பெரும்பாலும் ஹீத்ரோ போன்ற பெரிய நிலையங்களில் நின்றார்கள். எங்கள் பள்ளிகள் நிரம்பி வழிகின்றன, உங்கள் எண்ணில் ஒன்றும் தெரியவில்லையே என்று ஸ்லவ் போன்ற ஊர்களின் மன்றங்கள் கூப்பாடு போட்டன. யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்த பிறகுதான், முந்தைய பத்தாண்டில் நிகரக் குடிபெயர்வை, அதாவது வந்தவர்களில் போனவர்களைக் கழித்த எண்ணை, 3.46 லட்சம் குறைத்துக் கணக்கிட்டுவிட்டோம் என்று புள்ளியியல் அலுவலகம் திருத்தியது. அதற்குள் அந்தக் குழந்தைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போயாச்சு.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இன்னொரு வேடிக்கை. நாட்டில் இருக்கும் ஐரோப்பியர்கள் 35 லட்சத்தை ஒட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கச் சொன்னால் 50 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வந்து நின்றார்கள். எல்லாரும் அங்கேயே வசிப்பவர்கள் இல்லை, விட்டுப் போனவர்களும் போட்டு வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் இடைவெளியைப் பாருங்கள்.

மாணவர்கள் விஷயத்தில் பிழை எதிர்த்திசையில். படிக்க வந்தவர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் திரும்பவில்லை என்று அந்த ஆய்வை வைத்துப் பல வருஷம் அரசியல் செய்தார்கள். 2015 ஏப்ரலில் வெளியேறுகிறவர்களையும் சரிபார்க்கத் தொடங்கினார்கள். 2017-இல் அந்த விவரம் வெளிவந்தது: மாணவர்களில் 97 சதவீதத்துக்கும் மேல் விசா முடியுமுன் கிளம்பிவிட்டார்கள்.

திருச்சி ரேவதி:

மீனா மேடம் சொன்னதை ஆர்வமாகப் படித்தேன். இப்போது குடிபெயர்வை எண்ண அந்த ஆய்வு இல்லையே? 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு நிறுத்தியதோடு குடிபெயர்வுக்கு வேறு முறைக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இப்போதாவது எண் நிலையாக இருக்கிறதா?

லண்டன் மீனா:

விசாப் பதிவு, வரிப் பதிவு என்று நிர்வாகப் பதிவேடுகளுக்கு மாறினார்கள். முன்னேற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் 2022-க்கான நிகரக் குடிபெயர்வு 6.06 லட்சம் என்று 2023 மே மாதம் வெளியிட்டார்கள். நவம்பரில் அதுவே 7.45 லட்சம் ஆனது. 2023 ஜூன் வரையிலான ஓராண்டுக்கு முதலில் 6.72 லட்சம், பிறகு 7.40, ஒரு வருஷம் கழித்து 9.06 லட்சம். தரவு தாமதமாக வருவது ஒரு காரணம். இன்னொன்று, முன்பு மாணவர்கள் பெரும்பாலும் திரும்பினார்கள் என்று பழைய நடத்தையை வைத்துக் கணித்தார்கள். 2021 ஜூலையில் படிப்புக்குப் பின் இரண்டு வருஷம் வேலை பார்க்கும் விசா வந்ததும் அந்த நடத்தையே மாறிவிட்டது.

கூத்து என்னவென்றால், அந்த 6.06 லட்சம் வெளியான அதே வாரத்தில்தான் முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்து வரக் கூடாது என்ற விதியை அறிவித்தார்கள். எண் திருந்தியது. விதி திருந்தவில்லை.

வந்தவரை எண்ணுவதற்கு எல்லா நாட்டிலும் ஏதோ ஒரு மேசை இருக்கிறது. போனவரை எண்ணத்தான் ஆளில்லை. ஜெர்மனியில் வந்ததும் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் வங்கிக் கணக்குகூடக் கஷ்டம். கிளம்பும்போது பதிவை நீக்க யார் மெனக்கெடுவார்கள்? 2011 கணக்கெடுப்பின் முடிவு வந்தபோது, பதிவேட்டை நம்பி வைத்திருந்ததைவிட 15 லட்சம் பேர் குறைவு. அதில் 11 லட்சம் வெளிநாட்டினர். பதிவேட்டுக்குப் பேர்போன ஜெர்மனிக்கே இந்தக் கதி.

வடமராட்சியான்:

வணக்கம். இலங்கைப் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுறன்.

எங்கட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985-இல் தொடங்கினது. அது புறப்பாட்டை எண்ணும். ஒரு பெண் குவைத்துக்குப் போய், இரண்டு வருசத்தில் திரும்பி வந்து, பிறகு சவூதிக்குப் போனால் இரண்டு புறப்பாடு. அவ ஒரு ஆள்தான். திரும்பி வந்து ஊரில் நின்றதைப் பதிய ஏற்பாடு இல்லை. 2022-இல் 3.11 இலட்சம் பேர் போனதாய்ச் சொன்னார்கள், அது அப்போதைய சாதனை. அதே வருசம் கடவுச்சீட்டு ஒன்பது இலட்சத்துக்கும் மேல் வழங்கினார்கள். பத்திரிகைகள் இரண்டையும் கலந்து "நாடே காலி" என்று எழுதின. கடவுச்சீட்டு எடுத்தவன் எல்லாம் வெளிக்கிட்டவன் இல்லை. கனபேர் எதுக்கும் இருக்கட்டும் என்று எடுத்து அலுமாரியில் வைச்சவை.

காசைப் பார்த்து ஆட்களைக் கணிக்கலாம் என்று சிலர் சொல்லுவினம். அதுக்கும் 2022 தான் பதில். 2020-இல் வெளிநாட்டுத் தொழிலாளர் அனுப்பினது 710 கோடி டொலர். 2021-இல் ஏறத்தாழ 550 கோடி. ஆட்கள் சாதனையாய்ப் போன 2022-இல் 379 கோடி! ஆட்கள் கூட, காசு அரைவாசி. ஒருத்தரும் வீட்டுக்குக் காசு அனுப்பாமல் விடயில்லை. வங்கியில் டொலருக்கு 200 ரூபா என்று பிடிச்சு வைச்சிருந்த காலத்தில் உண்டியல்காரர் அதைவிடக் கூடக் குடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் உண்டியல் எண்டால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: அங்கே ஒருத்தரிட்டக் காசு குடுக்க, இங்கே வாசலுக்கு ஒருத்தர் கொண்டு வந்து எண்ணிக் குடுப்பார். வங்கிக்கு அது தெரியாது. வங்கி விலை சரியான பிறகு 2023-இல் 597 கோடி. அந்த வருசம் ஆட்களின் உழைப்பு திடீரெண்டு கூடினது எண்டு யாரும் நம்புவினமோ?

இதெல்லாம் பணியகத்தின் வாசலால் போனவர்களின் கதை. ஏஜென்சிக்குக் காசு கட்டி எண்பதுகளில், தொண்ணூறுகளில் போன எங்கட சனம் இந்த வாசல் ஒன்றையும் மிதிக்கயில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981 கணக்கெடுப்பில், இப்போதைய எல்லைக்கு, 7.38 இலட்சம் பேர். 2001 கணக்கெடுப்பு வடக்கில் ஒழுங்காய் நடக்கேலாது போய்விட்டது. அடுத்தது 2012, அப்போது 5.83 இலட்சம். இடையில் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்தால் குறைஞ்சது அந்த ஒன்றரை இலட்சத்தைவிட எவ்வளவோ கூட. அதில் செத்தது எத்தனை, கொழும்புக்கோ வவுனியாவுக்கோ போனது எத்தனை, ரொறன்ரோ போனது எத்தனை? கழிச்சுப் பார்த்துக் கண்டுபிடிக்கிற விசயமில்லை இது.

கனடாவில் எண்ணியிருப்பார்களே எண்டு கேட்பீங்கள். மேடையில் மூன்று இலட்சம் தமிழர் என்பார்கள். 2016 கணக்கெடுப்பில் தாய்மொழி தமிழ் என்று எழுதினது ஒன்றரை இலட்சம் சொச்சம். இரண்டும் பொய்யில்லை. இனம் என்ற கேள்விக்கு ஒருத்தர் தமிழ் எண்டு போடுவார், ஒருத்தர் இலங்கை எண்டு போடுவார், அங்கே பிறந்த பிள்ளை கனடியன் எண்டு போடும்.

சும்மா ஒருவன்:

இவ்வளவு பேசுகிறீர்கள், ஒரு கேள்வி. எண்ணாவிட்டால்தான் என்ன? எண்ணுகிற அரசாங்கம் எல்லாம் துரத்தத்தான் எண்ணுகிறது. தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு.

கடையநல்லூர் அசன்:

தம்பி, நீங்க சொல்றதில் பாதி நியாயம். விசா முடிஞ்சு ஒளிஞ்சு வேலை பார்க்கிறவனிடம் போய்க் கணக்கெடுப்பு என்று சொன்னால் கதவைத் திறக்க மாட்டான். பொதுமன்னிப்பு அறிவிக்கும்போது தூதரக வாசலில் வரிசை நிற்குமே, அப்போதான் அத்தனை பேர் இருந்ததே தெரியும்.

ஆனா இதைப் பாருங்க. 2021-இல் கார்டியன் பத்திரிகை ஒரு செய்தி போட்டது. உலகக் கோப்பை கத்தாருக்குக் கிடைச்சதிலிருந்து பத்து வருஷத்தில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கைக்காரங்க 6,500 பேர் அங்கே இறந்திருக்காங்கன்னு. உடனே கத்தார் பக்கம் என்ன சொன்னாங்க? இருக்கிற ஆட்கள் தொகைக்கு இது சகஜமான அளவுதான்னு. அதுக்குத் திருப்பிச் சொல்ல நம்மகிட்ட என்ன இருக்கு? எந்த வயசில் எத்தனை பேர், கட்டடத்தில் எத்தனை பேர், ஏ.சி. ஆபீஸில் எத்தனை பேர், ஒண்ணும் இல்லை. இறப்புச் சான்றிதழில் "இயற்கை மரணம்"னு ஒரு வரி. முப்பது வயசுப் பையனுக்கு என்னப்பா இயற்கை மரணம்? செத்தவன் எண்ணிக்கை தூதரகத்தில் இருக்கு, பெட்டி அனுப்பணுமே. உயிரோட இருந்தவன் எண்ணிக்கை இல்லாததால் வழக்கு அங்கேயே நிக்குது.

கூடலூர்க்காரன்:

பேச்சு எல்லாம் நகர்ந்த ஆட்களைப் பற்றியே போகிறது. எங்கள் ஊரில் வேறு மாதிரி.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம், டேன்டீ, வந்தது. நுவரெலியாவில் பிறந்து, இந்திய பாஸ்போர்ட்டோடு வந்து, இங்கே கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மாக்கள் எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் இருக்கிறார்கள். கணக்கெடுப்பில் பிறந்த இடம் இலங்கை. ஆகவே மீனா மேடம் சொன்ன ஐ.நா. அட்டவணையில் அவர்கள் "சர்வதேசக் குடிபெயர்ந்தோர்". தாத்தா காலத்தில் போன ஊருக்குத் திரும்பி வந்தவர்கள்!

மண்டபம் போன்ற இலங்கை அகதிகள் முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர். அங்கேயே பிறந்த பிள்ளைகள் ஏராளம். பிறந்த இடம் ராமநாதபுரம் மாவட்டம், ஆகவே அந்த அட்டவணையின் இலக்கணப்படி குடிபெயர்ந்தவர் இல்லை. ஆனால் 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. ஆக, குடிமகளான என் பக்கத்து வீட்டுப் பாட்டி வெளிநாட்டுக் கணக்கில். ராமநாதபுரத்தை விட்டு வெளியே போகாத பையன் உள்நாட்டுக் கணக்கில், கையில் பாஸ்போர்ட் கிடையாது.

சோவியத் உடைந்தபோது, அதன் பிற குடியரசுகளில் பிறந்து ரஷ்யாவில் இருந்த லட்சக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு நகராமலே குடிபெயர்ந்தவர்கள் ஆனார்கள். அதே கதைதான், கோடு நகர்ந்தது.

மட்டுறுத்துநர்:

குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி வந்த பதில்களைத் தனி இழையாகப் பிரித்திருக்கிறேன். உண்டியல் நம்பரைத் தனிமடலில் கேட்டவருக்கு: இந்தத் தளத்தில் அது வேண்டாம்.

திருச்சி ரேவதி:

செல்வம் அண்ணன் கேட்டது இன்னும் பாக்கி இருக்கிறது, 22 லட்சத்தைப் போடலாமா என்று.

நான் வேறு ஒரு வீட்டு ஆய்வில் களப்பணி செய்தவள். கேரளத்தில் 1998 முதல் வீடு வீடாகக் கேட்கும் இந்த முறையில்தான் செய்கிறார்கள், 2013-இல் 24 லட்சம், 2018-இல் 21 லட்சம், 2023-இல் 22 லட்சம் என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் ஏற்ற இறக்கமாவது தெரிகிறது. நம் மாநிலத்தில் 2015 ஆய்வுக்கு 20,000 வீடுகள். அப்போதைய 32 மாவட்டத்துக்குப் பிரித்தால் மாவட்டத்துக்குச் சராசரி 600-ஐ ஒட்டி. மாநில எண்ணுக்கு அது போதும். அதைக் கொண்டு "புதுக்கோட்டை மாவட்டத்தில் இத்தனை பேர்" என்று துல்லியமாகச் சொல்ல வந்தால் எனக்குக் கை நடுங்கும்.

களத்தில் நடப்பது இப்படி. "இந்த வீட்டு ஆள் யாராவது வெளிநாட்டில் இருக்காங்களா?" என்று கேட்போம். மாமியார் வீட்டில் மகனைச் சொல்வார்கள். நாலு தெரு தள்ளி மருமகள் அம்மா வீட்டில் இருப்பாள், அங்கேயும் "என் வீட்டுக்காரர் மஸ்கட்டில்" என்பாள். கவனிக்காவிட்டால் ஒருவர் இருவர். எந்த நாடு என்றால் பாட்டிக்கு எல்லாமே துபாய்தான். சம்பளம் கேட்டால் வருமானவரி ஆபீஸ் என்று நினைத்துப் பாதியாகச் சொல்வார்கள், சில வீடுகளில் கௌரவத்துக்கு இரட்டிப்பாக. குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனவர் வீட்டில் பூட்டுத்தான். பூட்டு பதில் சொல்லாது, அதனால் அடுத்த வீட்டுக்குப் போவோம். ஆகவே தனியாகப் போன ஆண்கள் இந்த முறையில் நன்றாகத் தெரிவார்கள். குடும்பமாகப் போனவர்கள் தெரிய மாட்டார்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியாக் கணக்கு குறைவாகத்தான் வரும்.

புதுகை செல்வம்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு எண் கேட்டு வந்தேன், கட்டுரையின் போக்கே மாறிவிட்டது. முதல் பத்தியில் இப்படிப் போடலாம் என்று இருக்கிறேன்: "2015-இல் வீடு வீடாகக் கேட்டபோது, வீட்டில் ஆள் இருந்து சொன்ன வகையில், தமிழ்நாட்டிலிருந்து 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள், அதிகம் பேர் சிங்கப்பூரில்." மாவட்ட எண்ணைத் தொடப்போவதில்லை. இ-மைக்ரேட் பட்டியலை, சிங்கப்பூர் அதில் இல்லை என்பதைச் சொல்வதற்கு மட்டும் பயன்படுத்துவேன்.

கடைசியாக ஒன்று. 2021-இல் நடக்காத மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில் நடக்கிறதே, அதில் வெளிநாட்டில் இருப்பவர்கள் வருவார்களா?

திருச்சி ரேவதி:

பழைய நடைமுறையே தொடர்ந்தால் வர மாட்டார்கள் அண்ணே. இங்கே இருப்பவர் எங்கே பிறந்தார், முன்பு எங்கே வசித்தார் என்றுதான் கேட்பார்கள். கணக்கெடுப்பு நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவர் பெயரை எழுத இடமில்லை. நடுவில் லீவில் வந்து வீட்டில் இருந்தால் இந்த வீட்டு ஆளாகவே சேர்த்துவிடுவார்கள், வெளிநாட்டில் வேலை என்பது தெரியாது.

கடையநல்லூர் அசன்:

என் மருமகன் அபுதாபியில் இருந்து நோன்புப் பெருநாளுக்கு வர்றான். 2027-இல் பெருநாள் மார்ச் இரண்டாம் வாரத்தை ஒட்டி வரும். பிப்ரவரியில் வந்திருந்தாலாவது தென்காசி மாவட்டத்தில் ஒரு ஆள் கூடியிருக்கும்.

புதுகை செல்வம்:

லீவை முன்னால் எடுக்கச் சொல்லிப் பாருங்க பாய்.

கடையநல்லூர் அசன்:

கபில், அதான் அங்கே விசா கொடுத்த முதலாளி, விட மாட்டான் அண்ணே.